நாய் அவனுடையது, வால் அவளுடையது

1

"நாய் என்னோடதுதான். ஒத்துக்கறேன். வால் என்னோடது இல்ல."

"வாலில்லாம அது நாயாவா இருந்துச்சு? பாக்கறதுக்கு மொச—"

"மொசலாவே இருந்துட்டுப் போகட்டுமே. மொசல் கசியாதுல்ல?"

"மெதுவாப் பேசுடா. வண்டியே நம்மளப் பாக்குது."

"பாக்கட்டும். அண்ணே, நீங்களே சொல்லுங்க. ஒருத்தன் கஷ்டப்பட்டு ஒரு நாய் வரைஞ்சு வெக்கறான். இன்னொருத்தி அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம அதுக்கு வால் வெக்கலாமா?"

"வாலை எங்க வெச்சாங்கன்னு பாக்கணும் தம்பி," என்றார் ஓட்டுநர்.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். புவெப்லா நகரத்துப் பல்கலைக்கழக வாசலிலிருந்து பக்கத்து ஊரான சோலூலாவுக்குப் போகிற, கோம்பி என்கிற ஷேர் வண்டியில், முன்சீட்டில், மடியில் ஒரு பை மாதுளையோடு நான் உட்கார்ந்திருந்தேன். சண்டை என் முதுகுக்குப் பின்னால் நடந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவன் உயரமா, அவள் சிவப்பா என்று உங்களிடம் சொல்லியிருப்பேன். எனக்குக் கதை காது வழியாகத்தான் வரும். கண்ணால் வந்த கதை ஒன்றுகூட என்னிடம் உருப்பட்டதில்லை.

நான் இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. அதற்கடுத்த நிறுத்தமும் போய்விட்டது. சந்தை முனையில், "எறங்கணும்!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்திவிட்டு, யார் முதலில் கத்தியது என்று சண்டை போட்டபடியே இறங்கிப் போனார்கள். நடுவில் என் காதில் விழுந்த மற்றவை: ஆய்வகம், மிளகாய், டீன், வெள்ளிக்கிழமை. ஸ்பானிய மொழியில் கேட்ட சண்டை, நான் திரும்பி நடந்து வீடு சேர்வதற்குள் தமிழாகிவிட்டிருந்தது. முப்பது வருடமாக எனக்கு அப்படித்தான்.

மீதி எல்லாம் நான் கட்டியது. எங்கே கட்டினேன், எங்கே இடித்தேன் என்பதையும் சொல்லிக்கொண்டே போகிறேன். நீங்கள் பார்த்துக் காலை வையுங்கள்.

2

தொடக்கங்கள்.

(அ) "அந்த ஆய்வகத்தில் எப்போதும் மஞ்சள் வெளிச்சம்தான். ஒளி பட்டால் இறுகிவிடும் ஒரு பசையை அங்கே பயன்படுத்தினார்கள். அந்தப் பசைக்கு நீல ஒளி ஆகாது. ஆகவே —"

ஆகவே என்று எழுதியவுடன் எனக்கே கொட்டாவி வந்தது. ஆனால் மஞ்சள் வெளிச்சத்தை விட மனமில்லை. உள்ளே போகிற எல்லோரும் மஞ்சள் நீராடிவிட்டு வந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

(ஆ) "நொயெமி தன் வாழ்க்கையில் முதன்முறையாகப் பொய் சொல்ல —"

இருபது வயதுப் பெண் முதன்முறையாகப் பொய் சொல்கிறாள் என்றால் யார் நம்புவார்கள்? அவள் அம்மாவே நம்ப மாட்டாள்.

(இ) "மனிதத் தலைமயிரின் தடிமன் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியுமா?"

கேள்வியில் தொடங்கும் கதை வாசகரை வகுப்பறையில் நிறுத்திவைக்கிறது. வேண்டாம். சண்டையிலேயே தொடங்கியது சரிதான்.

3

அவளுக்கு நொயெமி என்றும் அவனுக்கு சாவூல் என்றும் பெயர் வைத்திருக்கிறேன். இருவரும் பொறியியல் மூன்றாம் ஆண்டு. நுண்கருவி ஆய்வகத்தில் சேர்ந்து ஒரு சில்லு செய்துகொண்டிருந்தார்கள். தபால்தலை அகலத்தில் ஒளி ஊடுருவும் ரப்பர்த் துண்டு, அடியில் கண்ணாடி. ரப்பருக்குள் தலைமயிரைவிட மெல்லிய வாய்க்கால்கள்.

அந்தச் சில்லிடம் அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: இந்த மிளகாய் காரமா, இல்லையா?

சிரிக்காதீர்கள். ஆகஸ்டு மாதம் புவெப்லாவில் இது விளையாட்டான கேள்வி இல்லை. பெரிய பச்சை மிளகாயைச் சுட்டுத் தோலுரித்து, உள்ளே கறியும் பழமும் அடைத்து, மேலே வெள்ளை வெளேரென்று அக்ரூட் குழம்பு ஊற்றி, மாதுளை முத்துத் தூவி, விருந்தாளி முன்னால் வைக்கிற மாதம் அது. ஒரே செடியில் காய்த்த இரண்டில் ஒன்று பச்சைக் குழந்தை, இன்னொன்று பிசாசு. வெளியே பார்த்தால் தெரியாது. நம் பஜ்ஜி மிளகாய் கதைதான். என்ன, இங்கே அதைச் சம்பந்தி வீட்டாருக்குப் பரிமாறுவார்கள்.

சில்லு வேலை செய்யும் விதம் எளிது. இடது வாய்க்காலில் சோதிக்க வேண்டிய மிளகாயின் சாறு. வலது வாய்க்காலில் காரமே இல்லாத குடைமிளகாயின் சாறு. இரண்டும் ஒரு மருந்தைத் தொட்டு நீலமாகி, ஆளுக்கொரு குட்டி ஜன்னலில் போய் நிற்கும். இடது ஜன்னல் வலதைவிடக் கருநீலமாக இருந்தால் காரம். இரண்டும் ஒரே நீலமென்றால் காரமில்லை. வித்தியாசத்தைக் கைபேசிக் கேமரா எண்ணாகச் சொல்லிவிடும்.

இரண்டு வாய்க்கால்களுக்கும் நடுவே ஒரு காலி மனை.

அந்தக் காலி மனைதான் இந்தக் கதை.*

* சில்லுக்கு வரைபடம் போடுகிறவர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. வேலைக்கு வேண்டாத மூலையில், யார் கண்ணுக்கும் தெரியாத அளவில், ஒரு சின்னப் படம் வரைந்து விட்டுவிடுவார்கள். இந்த ஆய்வகத்திலும் ஒவ்வொரு வருடத்துப் பிள்ளைகளும் ஒன்று விட்டுப் போயிருக்கிறார்கள்: ஒரு மல்யுத்த முகமூடி, ஒரு பானை, யாரோ ஒருவனின் காதலி (பிறகு அழித்துவிட்டான்). ஆய்வகத்தின் தலைவி டாக்டோரா அம்பாரோவுக்கு இது தெரியாது என்பது பிள்ளைகளின் நம்பிக்கை. பிள்ளைகளின் நம்பிக்கையைக் கெடுக்காமல் இருப்பது டாக்டோராவின் வழக்கம்.

4

புதன்கிழமை நண்பகல். ஒத்திகை.

மூன்று மிளகாய். மூன்றுக்கும் சில்லு ஒரே பதில் சொன்னது: காரமில்லை.

"பாத்தியா? பாத்தியா? சும்மா கிளி மாதிரி சொல்லுது," என்று சாவூல் மூன்றாவது மிளகாயை எடுத்து, வெற்றிவிழா கொண்டாடுவதுபோலப் பாதி வரை கடித்தான்.

நொயெமி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு காது சிவந்தது.

"சாவூல்?"

"..."

"காரமா?"

"பால்," என்றான் சாவூல்.

அவன் பாலும் ரொட்டியுமாகத் திரும்பி வருவதற்குள் அவள் சில்லை நுண்ணோக்கியின் கீழே வைத்திருந்தாள்.

"நாய் நீலமா இருக்கு," என்றாள்.

"எனக்குக் காதே கேக்கல. என்ன?"

"நாய்டா. உள்ள இருக்கற நாய். நீலமா இருக்கு."

அவன் குனிந்து பார்த்தான். பொறியியல் துறை வாசலில் எந்நேரமும் உட்கார்ந்திருக்கும் வோல்டியோ என்ற நாயைத்தான் அவன் காலி மனையில் வரைந்திருந்தான். உட்கார்ந்த நாய், இரண்டு காது, ஒரு மூக்கு. இப்போது அதற்கு நீளமாக, நளினமாக, மேல்நோக்கி வளைந்த ஒரு வால் இருந்தது. வாலின் நுனி இடது வாய்க்காலைத் தொட்டது. நாயின் மூக்கு ஏற்கெனவே வலது வாய்க்காலை முகர்ந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கத்துக் காரம் வால் வழியாக ஏறி, நாய் முழுக்க நிறைந்து, மூக்கு வழியாக அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. இரண்டு ஜன்னலிலும் ஒரே கலவை, ஒரே நீலம். உலகத்திலுள்ள எந்த மிளகாயைக் கொடுத்தாலும் இந்தச் சில்லு காரமில்லை என்றே சொல்லும்.

"இந்த வால் எங்கேர்ந்து வந்துச்சு?"

நொயெமி நுண்ணோக்கியின் திருகைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"நொயெமி."

"வரைபடம் அனுப்பறதுக்கு முன்னாடி கடைசியாச் சரிபாத்தது நான்தானே. பாவமா இருந்துச்சுடா அது. மொட்டையா."

"வோல்டியோவுக்கு வாலே கிடையாதுடி."

"எந்நேரமும் உக்காந்தே இருக்கற நாய்க்கு வால் இருக்கா இல்லையான்னு நான் தூக்கியா பாக்க முடியும்?"

5

இந்த இடத்தில் கதைக்கு ஒரு டீன் தேவைப்பட்டார்.

முதல் வரைவில் அவரை வில்லனாக்கினேன். மீசை எல்லாம் வைத்தேன். ஆனால் அவர் வாயைத் திறந்ததும் வந்த குரல் சாப்பாட்டுப் பிரியரின் குரலாக இருந்தது. அப்படிப்பட்டவரை வில்லனாக வைத்து எத்தனை பக்கம் ஓட்டுவது? மீசையை எடுத்துவிட்டேன். பெயர் மட்டும் மிஞ்சியது: ஒரோபெசா.

ஆனால் அவர் சொன்னதை எடுக்க முடியாது. அதுதான் கதையின் அச்சாணி. ஆய்வகத்தின் உள்ளறை, அந்தத் தூசியில்லா மஞ்சள் அறை, இனி முதுகலைக்கும் ஆய்வுப் பட்டத்துக்கும் மட்டும் என்பது அவர் கட்சி. "இளங்கலைப் பிள்ளைங்க நல்ல பிள்ளைங்கதான். ஆனா அது விளையாடற எடம் இல்ல அம்பாரோ."

"அவங்க விளையாடல டாக்டர்," என்று டாக்டோரா அம்பாரோ சொன்னார். "வெள்ளிக்கிழமை குழுவைக் கூட்டிட்டு வாங்க. என் பிள்ளைங்க செஞ்சதைக் காட்டறேன். அதைப் பாத்துட்டு அப்புறம் கதவைப் பூட்டுங்க."

ஆக, வெள்ளிக்கிழமை அந்தச் சில்லு வேலை செய்தால் நொயெமியின் கழுத்தில் தொங்கும் கதவு அட்டை அவளிடமே இருக்கும். இல்லையென்றால் போய்விடும். அட்டை இல்லாமல் அடுத்த வருடம் அவள் செய்ய நினைத்திருக்கும் ஆய்வேடு இல்லை. நூலகத்தில் உட்கார்ந்து பிறர் செய்த சில்லுகளைப் பற்றி எழுதலாம். அவளுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் அதேதான்.

விளையாடவில்லை என்று டாக்டோரா சொல்லிவிட்டார். சில்லுக்குள் நாய் உட்கார்ந்திருக்கிறது.

இதற்குப் பிறகுதான் கோம்பிச் சண்டை. (முதல் பகுதியை இங்கே செருகிக்கொள்ளுங்கள். நானே செருகியிருப்பேன். ஆனால் அந்த ஓட்டுநரின் வரி முதல் பக்கத்தில் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.)

சந்தை முனையில் இறங்கிய பிறகு அவர்கள் பேசியிருக்கக்கூடியது:

"டாக்டோராகிட்ட சொல்லிடலாம்."

"பைத்தியமா உனக்கு?"

"நாய் என்னோடது. நானே சொல்றேன். உன் பேரை இழுக்க மாட்டேன்."

"பெரிய தியாகி. கொலகாரன் நீயில்லன்னு ஊருக்கே தெரியும், கத்தியில என் கை ரேகைதானே இருக்கு."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

"வாலை வெட்டறேன்."

6

இங்கேதான் நான் நொயெமியைச் சந்தேகித்தேன். மறைக்க நினைப்பவளாக அவளை வைத்தால் வாசகருக்குப் பிடிக்குமா? இரண்டாம் வரைவில் திருத்தி எழுதினேன்: "நொயெமி விம்மினாள். 'எல்லாம் என் தவறு,' என்று —"

அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் விம்மலயே," என்றாள். இட்லிக்கு ஊறப்போட்ட அரிசியைக் கழுவிக்கொண்டிருந்தேன், அப்போது.

"வருத்தமாவது படேன்மா. கதைக்கு நல்லது."

"உங்களுக்கென்ன, எழுதறது பிடிக்கலன்னா இன்னொரு தாள் எடுத்துக்குவீங்க. எனக்கு வெள்ளிக்கிழமை வருது. வரைபடத்தைத் திருத்தி அனுப்பி, புது அச்சுத்தகடு தலைநகர்லேர்ந்து வரணும்னா மூணு வாரம். இருக்கறது ஒரே ஒரு வார்ப்பு. அதுல கத்தி வெக்கணும். விம்மிக்கிட்டே வெக்க முடியுமா?"

விம்மலை அடித்துவிட்டேன்.

7

வியாழன் காலை. வார்ப்பு என்று அவள் சொன்னது, வட்டமான ஒரு சிலிக்கான் தட்டு. அதன்மேல் வாய்க்கால்களெல்லாம் வரப்புகளாக எழும்பி நிற்கும். அதில் ரப்பரை ஊற்றி உரித்தால் வரப்பு இருந்த இடமெல்லாம் பள்ளம். நாயும் வரப்பாகத்தான் நிற்கிறது. வாலைச் செதுக்கி எடுத்துவிட்டால் அடுத்து ஊற்றும் சில்லில் வால் இருக்காது. கத்தி ஒரு மயிரிழை தவறினால் வாய்க்காலே இருக்காது.

கை நடுக்கம் இல்லாதவள் என்று நொயெமியைப் பற்றி எழுதினால் போதாது, ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும். உள்ளறையில் மைப்பூச்சுக்குத் தடை. பொடி உதிரும். ஆகவே வெறும் முகத்தோடு வந்து, திரும்பிப் போகும்போதுதான் மை தீட்டுவாள். சோலூலாவின் கல் பாவிய தெருவில், கோம்பி குதிக்கக் குதிக்க, இரண்டு கண்ணுக்கும், ஒரே இழுப்பில். அந்தக் கை சிலிக்கானுக்குப் பயப்படுமா?

உள்ளறையில் எல்லோரும் வெள்ளை உடுப்பு. தலைமூடி, வாய்மூடி, கண்ணாடி. நெஞ்சில் பெயர் எழுதி ஒட்டுகிற பட்டை தீர்ந்துபோய் யாரும் வாங்கி வைக்கவில்லை. சாவூல் வெளியே ரப்பர் கலக்கப் போயிருந்தான். அவள் நுண்ணோக்கியில் குனிந்து, கத்தியின் நுனியை வாலின் நுனியில் வைத்தாள். பின்னால் கதவு திறந்து மூடியது.

"சாவூல், கழுத்துல மூச்சு விடாத."

பின்னால் நின்ற வெள்ளை உருவம் ஒரு அடி தள்ளிப்போனது.

"நுனி போயிடுச்சு. நடுவுல வந்துட்டேன். டேய், இது மட்டும் ஒழுங்காப் போயிட்டா டாக்டோராவுக்குத் தெரியவே வேண்டாம். தெரிஞ்சா அந்தம்மா என்ன பண்ணும் தெரியுமா? முதல்ல கண்ணாடியக் கழட்டும். அப்புறம் தொடைக்கும். தொடைச்சுக்கிட்டே இருக்கும். அப்புறம் மூக்கால, 'நொயெமி, உன்கிட்ட நான் இதை எதிர்பாக்கல'."

உருவம் கையைக் கட்டிக்கொண்டது.

"சிரிக்கவாவது செய்யேன்டா. கோவமா இன்னும்? சரி, ஒண்ணு சொல்றேன், அப்புறம் சொன்னேன்னு சொல்லிக் காட்டக் கூடாது. நேத்து நீ சொன்னதுதான் சரி. சொல்லிடணும்னுதான் எனக்கும் இருக்கு. ஆனா சொன்னா கதவு நமக்கு மட்டுமா மூடும்? வர்றவங்க அத்தனை பேருக்கும் மூடும். ஒரு வாலுக்காக. அதான் எனக்குத் தொண்டையிலயே நிக்குது."

"நான் சாவூல் இல்ல," என்றது உருவம். மூக்கால்.

கத்தி நழுவியது.

டாக்டோரா அம்பாரோ அவளை ஒரு கையால் நகர்த்திவிட்டு நுண்ணோக்கியில் குனிந்தார்.

"கால் போச்சு."

"ஆமா டாக்டோரா."

"பின்னங்காலா?"

"பின்னங்கால்தான் டாக்டோரா."

"வால் சுத்தமாப் போயிருக்கு. ஆனா இங்க பாரு, ஒரு கீறல். வாய்க்கால்வரைக்கும் ஓடுது."

அவர் பழக்கதோஷத்தில் கண்ணாடியைக் கழற்றப் போனார். தலைமூடிக்குள் மாட்டியிருந்தது, வரவில்லை. கையை இறக்கிக்கொண்டார். நொயெமி தரையைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிடும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"நாளைக்கு அவங்க எதைக் கேட்டாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன்," என்றார் டாக்டோரா. "சொல்லுன்னும் சொல்ல மாட்டேன், சொல்லாதன்னும் சொல்ல மாட்டேன். வாலும் உன்னோடது, வாயும் உன்னோடது."

அப்போதுதான் கதவு திறந்து, கையில் கிண்ணத்தோடு இன்னொரு வெள்ளை உருவம் வந்தது.

"வெட்டிட்டியாடி? யார்ரா இது பக்கத்துல, குட்டையா?"

8

(இங்கே ரப்பர் ஊற்றி, அடுப்பில் வைத்து, உரித்து, கண்ணாடியில் ஒட்டுகிற வர்ணனை வர வேண்டும். எழுதினேன். சமையல் குறிப்பு மாதிரி இருந்தது. எடுத்துவிட்டேன்.)

வேண்டியது இதுதான். கீறல் இருந்தால் ரப்பர் கண்ணாடியில் முழுசாக ஒட்டாமல் போகலாம். ஒட்டாத இடத்தில் கசியலாம். கசியாமலும் இருக்கலாம். அன்று மாலைக்குள் உருப்படியாகத் தேறியவை இரண்டே சில்லுகள். ஒன்றைச் சோதித்தார்கள். இடது ஜன்னல் கருநீலம், வலது வெளிர்நீலம், காரம் என்றது. சாவூல் கொஞ்சமாகக் கடித்துப் பார்த்து, "உண்மை," என்று பால் குடித்தான்.

"அப்ப சரியாயிடுச்சு," என்றான்.

"அந்தச் சில்லு சரியாயிடுச்சு. இன்னொண்ணு?"

"அதே வார்ப்புதானே."

"அதே கீறல்தானே."

"அதையும் சோதிச்சுப் பாத்துடலாமா?"

ஒரு முறை சாறு போன சில்லு மறுபடி உதவாது. தீப்பெட்டியில் மிஞ்சிய ஒற்றைக் குச்சி நல்ல குச்சியா என்று உரசிப் பார்ப்பதுபோலத்தான். சாவூலுக்கே அது புரிந்து, பாலை முழுங்கினான்.

9

வெள்ளிக்கிழமை. நீளமான மேசை, அதன்மேல் வெள்ளைத் துணி, துணியின்மேல் சில்லு, கைபேசி, நுண்ணோக்கி. குழுவில் ஐந்து பேர் என்று வைத்திருந்தேன். நான்கு பேர் ஒன்றும் பேசவில்லை, ஆகையால் எனக்கு அவர்கள் இல்லை. டீன் ஒரோபெசா மட்டும் இருக்கிறார்.

நொயெமி சந்தையில் வாங்கி அடுக்கிவைத்திருந்த மிளகாய்களை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்தார்.

"இது என் தங்கச்சி வீட்டுச் செடி. நீங்க வெச்சிருக்கறதையெல்லாம் இந்நேரம் பழக்கி வெச்சிருப்பீங்க."

நொயெமி அதிலிருந்து ஒரு துளி சாறு எடுத்தாள். இடது வாய்க்காலில் விட்டாள். வலதில் குடைமிளகாய்ச் சாறு. எல்லோரும் ஜன்னல்களைப் பார்த்தார்கள்.

ஒரே நீலம். கைபேசியில் பூஜ்யம்.

"காரமில்லன்னு சொல்லுது," என்றார் டீன்.

"அப்படித்தான் சொல்லுது, டாக்டர்."

"நல்லது. எனக்கு மிளகாயைச் சும்மா பாத்துக்கிட்டு இருக்கப் பிடிக்காது."

நொயெமி ஜன்னல்களைத் திரும்பப் பார்த்தாள். இது நல்ல மிளகாயின் வெளிர்நீலமா, கசிந்து கலந்த நீலமா? கூடத்தின் வெளிச்சத்தில், வெறும் கண்ணால், சொல்ல முடியவில்லை; நாய் நீலமாகியிருக்கிறதா என்பது நுண்ணோக்கியில்தான் தெரியும். சில்லு உண்மை சொல்லியிருக்கலாம். டாக்டோரா ஒரு ஓரத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்திருந்தார்.

10

முடிவுகள்.

முதல் முடிவு: டீன் கடிக்கிறார். இனிப்பாக இருக்கிறது. கைதட்டல். அட்டை கழுத்திலேயே தொங்குகிறது. வால் யாருக்கும் தெரியாது. இதை எழுதி முடித்துத் தேதிகூடப் போட்டேன். ஆனால் அன்றிலிருந்து நொயெமி என்னிடம் பேசவில்லை. அரிசி கழுவும்போது பேசவில்லை, கோம்பியில் பேசவில்லை. கதையில் வெற்றி பெற்றவள் இப்படி ஊமையாவாளா? கிழித்தேன்.

இரண்டாம் முடிவு: டீன் கடிக்கிறார். நெருப்பு. இதை எழுத ரொம்பச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன். சாவூல் தன் பால் புட்டியை நீட்டுகிறான், டீன் கண்ணீரோடு, "நல்ல பையன்," என்கிறார். நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு யோசித்தேன். ஒரு மனிதர் ஒரு பெண்ணின் வார்த்தையை நம்பி வாயைத் திறக்கிறார். எவ்வளவு சிரித்தாலும் அந்த இடம் உறுத்துகிறது. அவளுக்குத் தெரியாமல் நடந்தால் விபத்து. அவளுக்குத் தெரியுமே, தெரியாது என்பது.

(இந்த வாக்கியத்தை மூன்று முறை மாற்றி எழுதினேன். அவளுக்கு விடை தெரியாது. ஆனால் விடை தெரியாது என்பது அந்தக் கூடத்தில் அவளுக்கும் சாவூலுக்கும் டாக்டோராவுக்கும் மட்டுமே தெரியும். இதுதான் நான் சொல்ல வந்தது.)

மூன்றாம் முடிவு: சாவூல் பாய்ந்து மிளகாயைப் பிடுங்கித் தானே தின்கிறான். "ஏன் எப்பவும் நானே?" என்று அவன் கேட்டான். நியாயமான கேள்வி. விட்டுவிட்டேன்.

நான்காவது, நொயெமி எழுந்து நின்று உண்மை, அறிவியல், நேர்மை என்று ஒரு பக்கம் பேசுவது. அதை நான் எழுதத் தொடங்கவேயில்லை. கோம்பியில் கேட்ட அந்தக் குரல் அப்படிப் பேசாது.

ஆகவே இதற்குமேல் உங்கள் பாடு. டீன் நல்லவரா, கோபக்காரரா, சிரிப்பாரா, கதவைப் பூட்டுவாரா என்பதை நீங்கள் உங்களுக்குத் தெரிந்த டீன்களை வைத்து முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தவர்களில் இரண்டு வகையும் உண்டு. என் காதில் கேட்டவரைக்கும் எழுதிவிடுகிறேன். அது அதிகமில்லை.

11

டீன் ஒரோபெசா காம்பைப் பிடித்து மிளகாயைத் தூக்கினார். முகர்ந்து பார்த்தார். வாயருகே கொண்டுபோய் நிறுத்தினார்.

"அப்ப கடிச்சுடலாம், இல்லையா பொண்ணே?"

சாவூல் கூரையைப் பார்த்தான். டாக்டோராவின் கை கண்ணாடியின்மேல் நின்றது. நொயெமி ஒரு கையால் கழுத்திலிருந்த அட்டையைப் பிடித்துக்கொண்டாள். மறுகையால் சில்லை எடுத்து நுண்ணோக்கியின் கீழே வைத்து, திருகைச் சரிசெய்து, தான் தள்ளி நின்று, அவருக்கு இடம் விட்டாள்.

"கடிக்கறதுக்கு முன்னாடி, டாக்டர், ஒரு தடவை இதுக்குள்ள பாத்துடறீங்களா?"